சோப்போ மாகாணம்: காங்கோ ஆறு திரும்பும் இடத்தில் ஒரு புது நிர்வாகப் பகுதி (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சோப்போ எங்கே இருக்கிறது?

காங்கோ ஜனநாயகக் குடியரசின் வடகிழக்கில். தெற்கிலிருந்து லுவாலாபா என்ற பெயரில் வடக்கு நோக்கி ஓடிவரும் ஆறு, ஓரிடத்தில் மேற்குப் பக்கம் திரும்பி, அங்கிருந்து காங்கோ என்ற பெயரில் அகன்று ஓடுகிறது. அந்தத் திருப்பத்தில் இருக்கும் நகரம் கிசங்கானி. கிசங்கானிதான் சோப்போவின் தலைநகர். நகரிலிருந்து பூமத்திய ரேகை அரை பாகை அளவுதான் விலகியிருக்கிறது. கொஞ்சம் தெற்கே போனால் கடந்துவிடலாம். கிசங்கானி ரேகைக்கு வடக்கே, உபுண்டு என்ற சிற்றூர் ரேகைக்குத் தெற்கே, இரண்டுக்கும் நடுவில் ஆறு ரேகையைக் கடக்கிறது. அப்புறம் பல நூறு கிலோமீட்டர் மேற்கே போய், ம்பண்டாக்கா நகர் அருகே அதே ரேகையைத் திரும்பவும் தெற்கு நோக்கிக் கடக்கிறது.

காங்கோ என்ற பெயரில் இரண்டு நாடுகள் உண்டு. இது கின்ஷாசாவைத் தலைநகராகக் கொண்ட பெரிய காங்கோ. ஒரு காலத்தில் ஸயர் என்று அழைக்கப்பட்டது.

"புதிய" மாகாணம் என்கிறார்களே, எப்போது உருவானது?

2015-ல். அதற்கு முன் நாட்டில் இருந்தவை 11 மாகாணங்கள், கின்ஷாசாவையும் சேர்த்து. 2006 பிப்ரவரியில் அமலுக்கு வந்த அரசியல் சட்டம் இதை 26 ஆக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. சொன்னது நடக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. 2015-ன் தொடக்கத்தில் நாடாளுமன்றம் அதற்கான சட்டங்களை நிறைவேற்றியது. ஓரியந்தால், அதாவது "கிழக்கு" என்று பெயர்கொண்ட பழைய மாகாணம், சோப்போ, பா-ஊவெலே, ஓ-ஊவெலே, இதூரி என நான்காக உடைந்தது.

ஆனால் முற்றிலும் புதியது என்றும் சொல்ல முடியாது. சோப்போ அதற்கு முன் ஓரியந்தாலுக்குள் ஒரு மாவட்டமாக இருந்தது. 1960-ல் பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்ற பிறகு, 1962-63-ல் நாடு முழுவதும் சின்னச் சின்ன மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டபோது, இந்தப் பக்கம் ஓ-காங்கோ என்ற மாகாணமாயிற்று. 1966-ல் அவற்றை மறுபடி ஒட்டவைத்தார்கள். பிறகு சர்வாதிகாரி மொபுட்டுவின் காலத்தில் முழுப் பகுதிக்கும் ஓ-ஸயர் என்று பெயர். அவர் போனதும் ஓரியந்தால் திரும்பி வந்தது. ஒரே ஊரில் பிறந்து, வீடு மாறாமல், நான்கைந்து மாகாணங்களில் வாழ்ந்து முடித்த முதியவர்கள் கிசங்கானியில் உண்டு. நிர்வாக வரைபடம் இப்படி மாறிக்கொண்டே இருக்க, மாறாமல் இருப்பது ஆறுதான். அதனால் இந்தப் பக்கத்தில் பெரும்பகுதி ஆற்றைப் பற்றியும் அதன் கரையில் வாழ்பவர்களைப் பற்றியும்தான் இருக்கும்.

பெயர் எங்கிருந்து வந்தது?

சோப்போ ஒரு துணை ஆறு. கிழக்கே காட்டிலிருந்து வந்து கிசங்கானியின் வடக்கு விளிம்பைத் தொட்டு, லிண்டி ஆற்றில் சேர்கிறது. லிண்டி பிறகு காங்கோவில் கலக்கிறது. நகருக்குள்ளேயே சோப்போவில் ஓர் அருவி இருக்கிறது. 1950-களில் பெல்ஜியர்கள் அங்கே ஒரு சிறிய நீர்மின் நிலையம் கட்டினார்கள். மூன்று டர்பைன்கள். இன்றைக்கும் நகரின் மின்சாரத்துக்கு அதைத்தான் நம்பியிருக்கிறார்கள். டர்பைன் ஒன்று பழுதானால் பல பேட்டைகள் இருளில் மூழ்கும். உலகின் மிகப் பெரிய ஆறுகளில் ஒன்று வாசலில் ஓடும் ஊரில் இந்த நிலை என்பது மனதை உறுத்துகிறது.

எவ்வளவு பெரியது?

1,99,567 சதுர கிலோமீட்டர். காங்கோவின் 26 மாகாணங்களில் இதுதான் பரப்பில் பெரியது. ஆண்ட நாடான பெல்ஜியத்தைப் போல ஆறரை மடங்கு. பழைய ஓரியந்தாலின் 5 லட்சத்துச் சொச்சம் சதுர கிலோமீட்டரில் ஐந்தில் இரண்டு பங்கு சோப்போவுக்கு வந்திருக்கிறது.

மாகாணத்துக்குள் கிசங்கானி நகரும் ஏழு வட்டங்களும் உள்ளன: பஃப்வசெண்டே, பனாலியா, பசோகோ, இசங்கி, ஒபாலா, உபுண்டு, யஹுமா. கிழக்கே பஃப்வசெண்டே அடர்ந்த காடு, ஆள் நடமாட்டம் குறைவு. மேற்கே இசங்கியும் பசோகோவும் ஆற்றங்கரை ஊர்கள். லோமாமி ஆறு இசங்கியிலும், அருவிமி ஆறு பசோகோவிலும் காங்கோவில் வந்து விழுகின்றன. ஆறு ஆற்றோடு சேரும் இடத்தில் சந்தை பிறக்கும் என்பதற்கு இந்த இரண்டு ஊர்களே போதும்.

மக்கள்தொகை?

காங்கோவில் கடைசியாக முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 1984-ல். அதன் பிறகு வந்த எண்கள் எல்லாமே மதிப்பீடுகள். கிசங்கானியில் மட்டும் 10 லட்சத்துக்கு மேல் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பள்ளி, மருந்து, வாக்குச்சாவடி எதைத் திட்டமிட்டாலும் தலையை எண்ணாமல்தான் திட்டமிட வேண்டியிருக்கிறது. புது மாகாண அரசு தொடங்கியதே இப்படிப்பட்ட ஒரு வெற்றுத்தாளிலிருந்துதான்.

போயோமா அருவி என்பது உண்மையில் அருவியா?

உயரத்திலிருந்து கொட்டும் அருவியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். உபுண்டுவுக்கும் கிசங்கானிக்கும் இடையே 100 கிலோமீட்டர் நீளத்தில் ஏழு இடங்களில் ஆறு பாறைகளில் இடறி இறங்குகிறது. ஏழும் சேர்ந்து இறங்கும் உயரம் 60 மீட்டர் அளவுதான். ஆனால் இறங்கும் தண்ணீரின் அளவு உலகத்தின் எந்தப் பெரிய அருவிக்கும் சளைத்ததல்ல. சராசரியாக நொடிக்குப் பல ஆயிரம் கன மீட்டர். பழைய வரைபடங்களில் ஸ்டான்லி அருவி என்று இருக்கும். 1877 ஜனவரியில் அந்த வழியாகப் படகுகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிய ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லியின் பெயர் அது.

இந்த ஏழு படிகள்தான் கிசங்கானியை உருவாக்கின. கின்ஷாசாவிலிருந்து ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் தடையில்லாமல் மேல்நோக்கி வரும் படகு, இங்கே வந்து நின்றாக வேண்டும். சரக்கை இறக்கி, ரயிலில் ஏற்றி, 125 கிலோமீட்டர் சுற்றிப் போய் உபுண்டுவில் மறுபடி படகில் ஏற்ற வேண்டும். அந்த ரயில்பாதை 1906-ல் திறக்கப்பட்டது. உபுண்டுவுக்கு அப்போது போந்தியேவில் என்று பெயர். பாதை இன்னும் இருக்கிறது. ரயில் எப்போது வரும் என்று யாரும் உறுதியாகச் சொல்வதில்லை.

வகேனியா மீனவர்கள் எப்படி மீன் பிடிக்கிறார்கள்?

ஏழாவது, கடைசிப் படி நகருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே வாழும் மக்கள் தங்களைக் கேன்யா என்கிறார்கள். வகேனியா என்பது ஸ்வாஹிலி வழியாகப் பரவிய பெயர். காங்கோ நோட்டிலும் தபால்தலையிலும் சுற்றுலாப் படங்களிலும் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய மரச்சாரங்கள் இவர்களுடையவை.

பாறைகளுக்கு இடையே ஆறு பாய்ந்து வரும் இடம். தடித்த மரக்கம்பங்களை, ஆறே காலங்காலமாகக் குடைந்து வைத்த பாறைக் குழிகளில் செருகி நிறுத்துகிறார்கள். குறுக்கே வேறு மரங்கள். எல்லாவற்றையும் பிணைப்பது காட்டுக்கொடி; ஆணி கிடையாது. கம்பம் நடுபவர் இடுப்பளவு, சில இடங்களில் மார்பளவு வேகத்தண்ணீரில் நின்றாக வேண்டும். சாரம் எழுந்ததும் அதிலிருந்து கொடிகளில் கூம்புக் கூடைகளைத் தொங்கவிடுகிறார்கள். கூடையின் அகன்ற வாய் நீரோட்டத்தை எதிர்நோக்கி இருக்கும். ஆள் உயரத்தைவிடப் பெரிய கூடைகளும் உண்டு. மீன் வேகத்தோடு உள்ளே வந்து குறுகிய முனையில் சிக்கும். திரும்பி நீந்த ஓட்டம் விடாது. அவ்வளவுதான் இயந்திரம்.

கூடையைத் தூக்குவதுதான் கஷ்டம். ஆட்கள் சாரத்தில் ஏறி, அடியில் வெள்ளம் நுரைத்துக்கொண்டிருக்க, கொடியைப் பிடித்து இழுத்து மேலே கொண்டுவருகிறார்கள். சில சமயம் நான்கு கூடை இழுத்தாலும் வெறும் இலைதழைதான். எந்தச் சாரம் எந்தக் குடும்பத்துக்கு, எந்தக் கூடையின் மீன் யாருக்கு என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக வந்த உரிமை. பங்கீட்டில் ஊர்ப் பெரியவருக்கு இடம் உண்டு. வெள்ளம் பெருகும்போது கம்பங்கள் அடித்துக்கொண்டு போகும், பிறகு மறுபடி கட்டுவார்கள். இத்தனை வேகமான தண்ணீரின் கணக்கைப் படிக்கத் தெரிந்தவர்கள் என்பதால், அருவிகளில் படகு ஏற்றி இறக்கும் வழிகாட்டிகளாகவும் கேன்யாக்களைத்தான் பழைய காலத்தில் நம்பினார்கள்.

வேறு யாரெல்லாம் வாழ்கிறார்கள்?

ஒரே இனத்தின் மாகாணம் இல்லை இது. கிசங்கானிக்குக் கீழே, இசங்கி வரை ஆற்றங்கரையில் லொகேலே மக்கள்: மீனவர்கள், படகோட்டிகள், எல்லாவற்றுக்கும் மேலாக வணிகர்கள். உட்பகுதிக் காட்டுக்குள் இருப்பவர்கள் பயிரிட்ட மரவள்ளியும் வாழையும் லொகேலேக்களின் மீனோடு மாறும் சந்தைகள் ஆற்றங்கரையில் வெகுகாலமாக நடக்கின்றன. லோமாமி ஆற்றை ஒட்டித் தொப்போகே, ஒபாலா பக்கம் ம்போலே, யாங்கம்பிக்கு அருகே தூரும்பு, உபுண்டு பக்கம் லெங்கோலா, கிழக்கே கூமு. யஹுமா பக்கம் மோங்கோ மொழிக் குடும்பத்தோடு உறவுடையவர்கள்.

இவர்கள் எல்லோரும் கிசங்கானியில் ஒன்றாகத்தான் கலந்து வாழ்கிறார்கள். நகரில் ஆறு பேட்டைகள். ஐந்து வலது கரையில், லுபுங்கா மட்டும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இடது கரையில். இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லை. லுபுங்காவில் வசிக்கும் ஒரு மாணவர், கல்லூரிக்குப் போக வேண்டுமானால் குடைந்த மரப்படகில் ஏறித்தான் போக வேண்டும்.

மரமுரசு பேசும் என்பது நிஜமா?

நிஜம். அதைப் பற்றி அழகுக்காக எழுதப்பட்டவற்றைவிட, உள்ளபடி அது வேலை செய்யும் விதம் அழகானது.

லொகேலேக்களின் கேலே மொழியில் ஒவ்வோர் அசைக்கும் உயர்ந்த தொனியோ தாழ்ந்த தொனியோ உண்டு. தொனி மாறினால் பொருள் மாறும். "அலம்பாக்கா போயிலி" என்பதை ஒரு தொனியில் சொன்னால் "அவன் ஆற்றங்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்". தொனி பிசகினால் "அவன் மாமியாரை வேகவைத்தான்". சரி, முரசுக்கு வருவோம். தோல் போர்த்திய முரசு இல்லை. ஒரு மரத்துண்டை நீள்பிளவு வழியாகக் குடைந்து செய்தது. பிளவின் இரண்டு உதடுகளும் வெவ்வேறு தடிமன். ஒன்றில் அடித்தால் உயர்ந்த ஒலி, மற்றதில் தாழ்ந்த ஒலி. ஆக, முரசு மொழியின் எழுத்தை விட்டுவிட்டுத் தொனியை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

இதில் ஒரு சிக்கல் வரும். நிலாவுக்குச் சொல் "சோங்கே". கோழிக்குச் சொல் "கோக்கோ". இரண்டுக்கும் ஒரே தொனி. முரசில் இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும். அதனால் முரசடிப்பவர் தனிச்சொல்லை அடிப்பதில்லை. வழக்கில் உறுதியான ஒரு தொடரை அடிக்கிறார். நிலா என்றால் "பூமியைப் பார்த்து இருக்கும் நிலா". கோழி என்றால் "கியோகியோ என்னும் சின்னக் கோழி". தொடர் நீண்டதும் குழப்பம் போய்விடும். நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரே பெயர்கொண்ட இருவரில் ஒருவரைச் சொல்ல "மேலத்தெரு முருகன், கோழிக்கடைக்காரர்" என்று நீட்டுவதைப் போலத்தான். முரசின் செய்தி இரவிலும் விடியலிலும் பல கிலோமீட்டர் தூரம் கேட்கும். அடுத்த ஊர்க்காரர் கேட்டு, அதை அப்படியே அடுத்ததற்கு அனுப்புவார். மரணம், படகு வரவு, மல்யுத்தம் எல்லாம் இப்படிப் போய்ச் சேர்ந்தன.

இதைக் கற்றுக்கொண்டு முறையாக எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர் ஜான் கேரிங்டன். 1930-களின் இறுதியில், கிசங்கானிக்குக் கீழே உள்ள யாக்குசு கிராமத்துக்கு வந்த ஆங்கிலேய மிஷனரி. அவர் காலத்திலேயே இளைஞர்கள் முரசு மொழியை மறக்கத் தொடங்கியிருந்தார்கள் என்று கவலைப்பட்டார். இன்று கைபேசி வந்த பிறகு கேட்க வேண்டுமா!

எந்த மொழி பேசுகிறார்கள்?

வீட்டில் அவரவர் மொழி. தெருவில் லிங்காலாவும் ஸ்வாஹிலியும். அலுவலகத்தில் பிரெஞ்சு. காங்கோவின் மேற்கிலிருந்து ஆற்றோடு ஏறி வந்த மொழி லிங்காலா. கிழக்கே சான்சிபாரிலிருந்து யானைத்தந்தத்தையும் அடிமைகளையும் தேடிவந்த வணிகர்களோடு நடந்து வந்த மொழி ஸ்வாஹிலி. இரண்டும் கிசங்கானியில் சந்தித்தன. கிழக்கிலிருந்து வந்தவர்களில் பெரிய ஆள், திப்பு திப் என்று அறியப்பட்ட ஹமத் பின் முகமது. 1887-ல் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் ஆட்சி அவரையே ஸ்டான்லி அருவி மாவட்டத்துக்கு ஆளுநராக நியமித்தது. அடிமை வணிகத்தை ஒழிக்கப் போவதாக உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்த மன்னர் அவர். சந்தையில் ஒருவர் "ம்போட்டே" என்று லிங்காலாவில் வணக்கம் சொல்ல, மற்றவர் "ஜம்போ" என்று ஸ்வாஹிலியில் பதில் சொல்லுவது இன்றும் சகஜம்.

என்ன சாப்பிடுகிறார்கள்?

மரவள்ளியும் வாழையும் மீனும் செம்பனை எண்ணெயும். மரவள்ளிக் கிழங்கை ஊறவைத்து, காயவைத்து, மாவாக்கிக் களி கிண்டினால் ஃபூஃபூ. அதே கிழங்கைப் புளிக்கவைத்து அரைத்து, இலையில் கட்டி வேகவைத்தால் சிக்வாங்கே. படகுப் பயணத்துக்குப் பல நாள் கெடாது. மரவள்ளி இலையை இடித்து எண்ணெயில் வேகவைத்தால் பொண்டு. இந்தப் பகுதிக்கே பேர்போனது லித்துமா: வாழைக்காயை அவித்து, இடித்து, உருண்டையாகப் பிடித்தது. மீனைக் காட்டு இலையில் மசாலாவோடு பொதிந்து நெருப்பில் சுட்டால் லிபோக்கே. இலை கருகும், உள்ளே மீன் தன் சாற்றிலேயே வெந்திருக்கும். புழுக் காலத்தில் காட்டுப் பட்டுப்புழு வகைகளும் வறுபடும். புரதத்துக்கு அதுவும் இங்கே ஓர் ஆதாரம்.

யாங்கம்பி என்று ஏன் அடிக்கடி கேள்விப்படுகிறோம்?

கிசங்கானிக்கு மேற்கே, ஆற்றோடு 100 கிலோமீட்டர் போனால் யாங்கம்பி. 1933-ல் பெல்ஜியர்கள் தங்கள் காலனிக்கான வேளாண் ஆராய்ச்சி அமைப்பைத் தொடங்கி, அதன் தலைமையிடத்தை இங்கே வைத்தார்கள். ஒரு காலத்தில் வெப்பமண்டல வேளாண்மைக்கு உலகத்திலேயே முன்னணி ஆராய்ச்சி நிலையங்களில் ஒன்று இது. இங்கே நடந்த ஒரு வேலையின் பலன் நம் வீட்டு அடுக்களை வரை வந்திருக்கிறது.

செம்பனையில் ஒரு வகைக் காய்க்குத் தடித்த ஓடு. எண்ணெய் தரும் சதை குறைவு. இன்னொரு வகைக்கு ஓடே இல்லை, ஆனால் அந்த மரங்கள் பெரும்பாலும் காய்ப்பதில்லை. இரண்டையும் இணைத்தால் மெல்லிய ஓடும் நிறையச் சதையும் உள்ள காய் கிடைக்கிறது என்றும், ஓட்டின் தடிமனைத் தீர்மானிப்பது ஒற்றை மரபணு என்றும் யாங்கம்பியில் பெர்னார்ட், வாண்டர்வேயன் ஆகியோர் 1941-ல் நிறுவினார்கள். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இன்று வணிகத் தோட்டங்களில் நிற்பவை இந்தக் கலப்பு மரங்கள்தான். நம் ரேஷன் கடையில் வாங்கும் பாமாயில் பாக்கெட்டுக்கும் யாங்கம்பிக்கும் உள்ள உறவு இது.

விடுதலைக்குப் பிறகு பணம் நின்றது, ஆட்கள் போனார்கள், கட்டடங்களில் கொடி ஏறியது. ஆனால் உலர்செடித் தொகுப்பகம் பிழைத்தது. சுமார் 1,50,000 மாதிரிகள்: காகிதத்தில் அழுத்தி ஒட்டிய இலை, பூ, பக்கத்தில் கையெழுத்தில் இடமும் நாளும். ஈரமும் பூச்சியும் உள்ள ஒரு பூமத்திய ரேகை ஊரில், போர்க்காலத்தில்கூட அவற்றைப் பாதுகாத்தவர்கள் சம்பளம் ஒழுங்காக வராத உள்ளூர் ஊழியர்கள். எனக்கு இந்த மாகாணத்தில் மிக மதிப்புக்குரிய மனிதர்கள் அவர்கள்தான். 2020-ல் அங்கே காட்டின் மேல் 55 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று நிறுத்தினார்கள்; காடு எவ்வளவு கரியமில வாயுவை உள்ளிழுக்கிறது, வெளிவிடுகிறது என்று அளக்கிறது. காங்கோ படுகைக் காட்டில் இப்படி ஒரு கோபுரம் எழுந்தது அதுவே முதல் முறை.

காட்டில் என்ன உயிர்கள்?

ஆறு இங்கே ஒரு வேலி. வலது கரைக் காட்டில் சிம்பன்சி, இடது கரைக் காட்டில் போனோபோ. இரண்டும் நெருங்கிய உறவு, ஆனால் இரண்டும் நீந்தாதவை. நடுவே ஓடும் தண்ணீர் பல லட்சம் ஆண்டுகள் பிரித்துவைத்து இரண்டு இனங்களாக்கிவிட்டது. போனோபோ வேறெந்த நாட்டுக் காட்டிலும் இல்லை.

2007-ல் ஒபாலாவில் ஒரு பள்ளித் தலைமை ஆசிரியர் வீட்டில் கட்டப்பட்டிருந்த குட்டிக் குரங்கு ஒன்றை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். மனித முகம் போன்ற நீண்ட வெளிறிய முகம், பெரிய கண்கள். ஊரார் "லெசூலா" என்றார்கள். அவர்களுக்கு அது புதிதல்ல. அறிவியலுக்குப் புதிது. 2012-ல் லோமாமி ஆற்றின் பெயரோடு அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்கள். 2016-ல் சோப்போவிலும் அண்டை மாகாணமான மனியேமாவிலும் விரிந்த லோமாமி தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. தென்கிழக்கில் மைக்கோ பூங்காவில் ஆப்பிரிக்காவின் ஒரே மயில் இனமான காங்கோ மயில் வாழ்கிறது. நம் மயிலைப் போல நீண்ட தோகை கிடையாது, ஆனால் மயில்தான்.

எப்படிப் போய்வருகிறார்கள்?

வசதி உள்ளவர்கள் விமானத்தில். மற்றவர்கள் ஆற்றில். ஒரு தள்ளுபடகின் முன்னால் பல இரும்புத் தட்டைப்படகுகளைக் கட்டி, மேலே சிமெண்ட், துணி, ஆடு, கோழி, மனிதர் எல்லாம் ஏற்றிக் கின்ஷாசாவிலிருந்து கிசங்கானிக்கு வாரக்கணக்கில் வருவார்கள். ஊர்களுக்கு முன் வேகம் குறையும்போது குடைமரப் படகுகள் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு மீனும் புகையிறைச்சியும் விற்கும். "பலெனியேர்" எனப்படும் பெரிய மரப்படகுகள்தான் இப்போது அதிகம். இரவில் அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு போவதால் விபத்துகள் அடிக்கடி நேர்கின்றன. நகருக்குள் சைக்கிள் டாக்ஸிக்கு "தொலேக்கா" என்று பெயர். லிங்காலாவில் "கடந்து போவோம்" என்று பொருள். போர்க்காலத்தில் பெட்ரோல் இல்லாதபோது ஊரைச் சுமந்தது அந்தச் சைக்கிள்தான். இப்போது மோட்டார் சைக்கிள் அதன் இடத்தைப் பிடித்துவிட்டது.

லுமும்பாவுக்கு இந்த ஊரோடு என்ன தொடர்பு?

காங்கோவின் முதல் பிரதமர் பத்ரிஸ் லுமும்பா பிறந்தது நாட்டின் நடுப்பகுதியில் உள்ள சங்குருவில், ஆனால் அரசியல்வாதி ஆனது இங்கே. அப்போது ஊரின் பெயர் ஸ்டான்லிவில். 1940-களில் வந்து தபால் அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். 1959 அக்டோபரில் அவர் கட்சி மாநாட்டை ஒட்டி இங்கே கலவரம் வெடித்தது, அவர் கைதானார். சிறையிலிருந்துதான், விடுதலை பற்றிப் பேசிய பிரஸ்ஸல்ஸ் வட்டமேசை மாநாட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். பிரதமராகிப் பதவி பறிக்கப்பட்ட பின், 1960 நவம்பரில் வீட்டுக்காவலிலிருந்து தப்பி ஓடியதும் ஸ்டான்லிவில் நோக்கித்தான். வழியில் பிடித்தார்கள். 1961 ஜனவரி 17-ல் கதங்காவில் கொன்றார்கள். உடலை அழித்துவிட்டார்கள்; மிஞ்சியது ஒரு பல். 2022 ஜூனில் பெல்ஜியம் அதைத் திருப்பித் தந்தபோது, கின்ஷாசாவில் அடக்கம் செய்வதற்கு முன் அந்தப் பெட்டி கிசங்கானிக்கும் வந்தது.

2000-ல் இங்கே நடந்தது என்ன?

இரண்டு அயல்நாட்டு ராணுவங்கள் வேறொரு நாட்டின் நகரத்துக்குள் வந்து ஒன்றோடொன்று போரிட்டன. ருவாண்டாவும் உகாண்டாவும் முதலில் கூட்டாளிகள். கின்ஷாசா அரசுக்கு எதிராகச் சேர்ந்து நுழைந்தவர்கள். பிறகு செல்வாக்குக்கும் வைரத்துக்கும் மோதிக்கொண்டார்கள். கிசங்கானியைச் சுற்றியும் பனாலியா, பஃப்வசெண்டே பக்கமும் ஆற்று மணலில் வைரம் கிடைக்கும். 2000 ஜூன் 5 முதல் 10 வரை, ஆறு நாட்கள். ஐ.நா. குழுவின் கணக்குப்படி 6,000-க்கும் மேற்பட்ட குண்டுகள் விழுந்தன. 760-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். ஊர்க்காரர்கள் வேறு எதுவும் சொல்லத் தேவையில்லாமல் "ஆறு நாள் போர்" என்கிறார்கள்.

2005-ல் சர்வதேச நீதிமன்றம், உகாண்டா சர்வதேசச் சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தது. 2022 பிப்ரவரியில் 32.5 கோடி டாலர் இழப்பீடு என்று தொகையை நிர்ணயித்தது: உயிர்களுக்கும் மனிதர்களுக்கும் 22.5 கோடி, சொத்துக்கு 4 கோடி, இயற்கை வளத்துக்கு 6 கோடி. ஆண்டுக்கு 6.5 கோடியாக ஐந்து தவணை. அந்தப் பணத்தைப் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சேர்க்கும் நிதியத்தின் தலைமையிடம் கிசங்கானி. ருவாண்டா அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்காததால் அதன் மீதான வழக்கு நிற்கவில்லை. ஒரே தெருவில் ஒரு பக்கத்திலிருந்து வந்த குண்டுக்கு நீதி, மறுபக்கத்திலிருந்து வந்ததற்கு இல்லை.

இப்போது அமைதியாக இருக்கிறதா?

கிழக்கே கீவுப் பகுதிகளோடு ஒப்பிட்டால் ஆம். ஆனால் 2023 பிப்ரவரியில் ம்போலேக்களுக்கும் லெங்கோலாக்களுக்கும் இடையே இடது கரையில் மோதல் மூண்டது. ஒரு வேளாண் நிறுவனத்துக்கு விடப்பட்ட நிலம் யாருடைய முன்னோர் நிலம் என்பதில் தொடங்கியது. வீடுகள் எரிந்தன; ஆயிரக்கணக்கானோர் ஆற்றைக் கடந்து கிசங்கானியின் பள்ளிகளிலும் வளாகங்களிலும் தங்கினார்கள். தலைமுறைகளாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் இவர்கள். கலப்புக் குடும்பங்களுக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்றே தெரியவில்லை.

மாகாணம் பிரிந்ததால் மக்களுக்கு என்ன கிடைத்தது?

காகிதத்தில் நிறைய. அரசியல் சட்டப்படி மாகாணத்தில் வசூலாகும் தேசிய வருவாயில் 40 சதவீதம் மாகாணத்திடமே இருக்க வேண்டும். நடைமுறையில் வருவது அதைவிட மிகக் குறைவு, அதுவும் தாமதமாக. பிரிவினையில் பெரிய தங்கச் சுரங்கங்கள் ஓ-ஊவெலேக்கும் இதூரிக்கும் போய்விட்டன. சோப்போவுக்குக் கிடைத்தது பழைய தலைநகர், பல்கலைக்கழகம், துறைமுகம், காடு.

ஆனால் ஆளுநர் அலுவலகம் இப்போது ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பதில் இரண்டு லட்சத்தைக் கவனித்தால் போதும். ஒபாலாவிலிருந்து ஒரு மனுவோடு வருபவர் இன்னும் மோட்டார் சைக்கிளில் சேற்றுப்பாதையில் நாள் முழுக்க வந்து, லுபுங்காக் கரையில் இறங்கி, படகுக்குக் காத்து நிற்கிறார். எதிர்க்கரையில் மாகாணத் தலைமையகத்தின் கூரை தெரிகிறது. நடுவே ஆறு, பாலம் இல்லாமல்.